மார்பகப் புற்றுநோய் சிகிச்சையும் உடலின் தசைவளமும்



இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றிய கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் கணிதமும் அறிவியலும் போதித்தவள் நான், மருத்துவர் அல்லள். ஆயினும் நமது மருத்துவ உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, விண்ணப்பித்த பெண்மணிகளின் இல்லங்களுக்கு நேரில் சென்று பார்த்து வரும் பொறுப்பை நிர்வாகக் குழு என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. அவ்விண்ணப்பங்களில் மார்பகப் புற்றுநோய் தொடர்பானவையே மிகுதி. மலேசியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. அதிலும் ஏறத்தாழ பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டங்களில்தான் மருத்துவமனைக்கு வருகின்றனர் என்று 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது. அக்கட்டங்களில் வருபவர்களுள் பெரும்பாலோருக்குக் கீமோதெராப்பி எனும் மருந்துச் சிகிச்சை தேவைப்படுகிறது.

இல்லங்களுக்குச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை: "எடை குறையவே இல்லை டீச்சர், அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்." சொல்பவர்களின் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் எடை குறையாமல் இருப்பதும் உடல் நலமாக இருப்பதும் ஒன்றல்ல. கடந்த இருபது ஆண்டுகளில் மருத்துவ உலகம் இது குறித்து நிறையக் கண்டறிந்திருக்கிறது. உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றிய திருமூலரின் மரபில் வந்த நமக்கு, அந்த ஆலயம் எவற்றால் கட்டப்பட்டிருக்கிறது என்று அறிவதில் ஆர்வம் இருக்கத்தானே வேண்டும்?

ஒரே எடை, இரு வேறு உடல்கள்

எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றால் அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. எலும்பு, தசை, கொழுப்பு, நீர், உள்ளுறுப்புகள் ஆகிய அனைத்தின் கூட்டுத்தொகை அது. கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு உறுப்பெண்களைக் கண்டுபிடிக்க இயலாது என்பதை நான்காம் ஆண்டு மாணவனும் அறிவான்.

இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. பூனே நகரின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யூட்கினும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., இருவருக்கும் 22.3தான். ஆனால் உடலில் இருந்த கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன! இந்திய வம்சாவளியினர் மெலிந்து தோன்றினாலும் உள்ளே கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கக்கூடும் என்பதை ஆயிரம் சொற்களைவிட அந்தப் படம் நன்றாக விளக்கியது. அதே 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் ஆசியர்களுக்குக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்று தனி எல்லைகளைப் பரிந்துரைத்தது.

இது நீரிழிவு, இருதய நோய் பற்றிய பேச்சாயிற்றே, புற்றுநோய் மருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் மருந்தின் அளவு எவ்வாறு முடிவு செய்யப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்தளவுக் கணக்கு

கீமோதெராப்பி மருந்துகள் பெரும்பாலும் நோயாளியின் உடற்பரப்புக்கு ஏற்ப அளந்து கொடுக்கப்படுகின்றன. உடற்பரப்பு என்பது தோலை விரித்துப் போட்டால் எத்தனை சதுர மீட்டர் வரும் என்ற மதிப்பீடு. 1916இல் நியூயார்க்கில் டூபுவா என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் ஒன்பதே பேரின் உடலைத் தாளால் அச்செடுத்து அளந்து ஒரு சூத்திரம் அமைத்தனர். மருத்துவ உலகம் பல்லாண்டுகள் அதையே பயன்படுத்தியது. 1987இல் மொஸ்டெல்லர் என்பவர் எளிய வாய்ப்பாடு ஒன்றைத் தந்தார். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு பெண்மணியின் உயரம் 150 சென்டிமீட்டர், எடை 54 கிலோ என்று கொள்வோம். பெருக்கினால் 8100. 3600ஆல் வகுத்தால் 2.25. வர்க்கமூலம் 1.5. ஆக அவருடைய உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர். சிவப்பு நிறத்தில் இருப்பதால் நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று அஞ்சும் டோக்சோருபிசின் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. எனவே இவருக்கு 90 மில்லிகிராம்.

இப்போது அதே உயரமும் அதே எடையும் கொண்ட இன்னொரு பெண்மணியைக் கற்பனை செய்வோம். சூத்திரத்துக்கு இருவரும் ஒருவரே. இருவருக்கும் 90 மில்லிகிராம். ஆனால் முதலாமவர் உடலில் கொழுப்பு 30 விழுக்காடு, இரண்டாமவருக்கு 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கிய எடை முதலாமவருக்கு 37.8 கிலோ, இரண்டாமவருக்கு 32.4 கிலோ. நீரில் கரையும் மருந்துகள் பெரும்பாலும் கொழுப்பு அல்லாத பகுதியில்தான் பரவுகின்றன. அந்தப் பகுதியின் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு மருந்து என்று பார்த்தால், இரண்டாமவருக்கு ஆறில் ஒரு பங்கு கூடுதலாக விழுகிறது. சூத்திரத்தில் பிழை இல்லை. சூத்திரத்துக்கு உள்ளே பார்க்கும் கண் இல்லை, அவ்வளவே. (உண்மையில் கல்லீரல், சிறுநீரகம் முதலியவையும் இதில் பங்கு வகிப்பதால் உடல் இத்தனை எளிய கணக்கு அன்று. கருத்து விளங்குவதற்காகவே இவ்வுதாரணம்.)

கூடுதலாக மருந்து விழுந்தால் நோய் இன்னும் நன்றாகக் குணமாகும் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். நடைமுறையில் நிகழ்வது வேறு. வெள்ளை அணுக்கள் மிகவும் குறைகின்றன. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வருகின்றன. அடுத்த சுற்று தள்ளிப்போகிறது, அல்லது அளவு குறைக்கப்படுகிறது. சுற்றுகள் தள்ளிப்போவதும் அளவு குறைவதும் சிறிய செய்தி அல்ல. இத்தாலியின் மிலான் நகரில் டாக்டர் பொனடோனா மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை அறுவைக்குப் பின் கொடுத்து, 1976இல் முதல் முடிவுகளையும் 1995இல் இருபதாண்டு முடிவுகளையும் வெளியிட்டார். திட்டமிட்ட அளவில் 85 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்ற பெண்கள் அதிகப் பயன் அடைந்திருந்தனர். 65 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்றவர்கள் மருந்தே பெறாதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை. பாதி வழியில் நின்றுபோகும் சிகிச்சையின் விலை இதுதான். எனவேதான் மருந்தைத் தாங்கும் வலிமை உடலுக்கு இருக்கிறதா என்ற கேள்வி உயிர்க்கேள்வி ஆகிறது.

தசையை அளந்தவர்கள் கண்டது

தசையை எப்படி அளப்பது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழியைப் பரவலாக்கினர். நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படத்திலேயே, இடுப்பு முதுகெலும்பின் மூன்றாம் கணு தெரியும் ஒரு குறுக்குவெட்டை எடுத்து, அதில் தசை எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிட்டனர். உடல் முழுவதும் உள்ள தசைக்கு அது நல்ல அளவுகோலாக அமைந்தது. தசை ஓர் எல்லைக்குக் கீழே போன நிலையை மருத்துவர்கள் சார்கோபீனியா என்கின்றனர். நாம் தசைக்குறைவு என்போம்.

2009இல் இக்குழுவினர், நோய் பரவிய நிலையில் கேப்சிட்டபீன் மாத்திரை உட்கொண்ட 55 பெண்களின் விவரங்களை வெளியிட்டனர். ஏறத்தாழ கால்பங்கினருக்குத் தசைக்குறைவு இருந்தது. அவர்களுள் 50 விழுக்காட்டினர் கடுமையான பக்கவிளைவுக்கு ஆளாயினர். தசைவளம் உள்ளவர்களிலோ 20 விழுக்காட்டினர் மட்டுமே. நோய் மீண்டும் வளரத் தொடங்கும்வரை சென்ற காலமும் மாறுபட்டது: தசை குறைந்தவர்களுக்குச் சராசரியாக 101 நாள், மற்றவர்களுக்கு 173 நாள். ஐம்பத்தைந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை மட்டும் கொண்டு முடிவுகட்டக் கூடாது.

பெரிய ஆய்வு 2018இல் வந்தது. அமெரிக்காவில் இரண்டாம், மூன்றாம் கட்ட மார்பகப் புற்றுநோய் கண்ட 3,241 பெண்களின் ஸ்கேன் படங்களை டாக்டர் கான் தலைமையிலான குழு ஆராய்ந்தது. மூன்றில் ஒருவருக்குத் தசைக்குறைவு இருந்தது. அவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 41 விழுக்காடு கூடுதல். கொழுப்பு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு 35 விழுக்காடு கூடுதல். தசை குறைந்து கொழுப்பும் மிகுந்தவர்களின் நிலை இரண்டையும்விட மோசம். எடையை மட்டும் காட்டும் பி.எம்.ஐ. எண்ணோ இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிரித்துக் காட்டவில்லை. பருமனாக இருப்பவர்களிடமும் தசைக்குறைவு ஒளிந்திருந்தது என்பதே இவ்வாய்வில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

கொழுப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கொழுப்பு சும்மா கிடக்கும் சுமை அன்று. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜென் சுரப்பு பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பங்கு அந்த ஈஸ்ட்ரோஜெனைத் தின்று வளர்பவை. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில், அறுவைக்கு முன்னரே மருந்து பெற்ற 1,169 பெண்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கை, எடை மிகுந்தவர்களுக்குக் கட்டி அடியோடு கரைந்துபோகும் வாய்ப்பு சற்றுக் குறைவு என்றது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு காரணம், முன்பெல்லாம் பருமனான பெண்களுக்கு மருத்துவர்கள் அஞ்சி அளவைக் குறைத்துக் கொடுத்ததுதான். உடற்பரப்பு எவ்வளவு வந்தாலும் 2 சதுர மீட்டருக்கு மேல் கணக்கிடாத வழக்கம் பல இடங்களில் இருந்தது. அது தவறு, உண்மையான எடைக்கு ஏற்ற முழு அளவையும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இல் வழிகாட்டி வெளியிட்டு, 2021இல் அதை மீண்டும் உறுதி செய்தது.

இதைப் படிக்கும் அன்பர் எவரும், "தசை குறைவாக இருப்பதால் என் மருந்தைக் குறையுங்கள்" என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தசையை அளந்து மருந்தளவை நிர்ணயிக்கும் முறை இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. மருந்தளவு மருத்துவர் கையில். தசையைக் காப்பதில் பெரும்பகுதி நம் வீட்டில், நம் அடுப்பங்கரையில் இருக்கிறது.

சிகிச்சையின்போது தசை ஏன் கரைகிறது?

நான் பார்த்து வந்த ஓர் அம்மையாரின் நிலையைச் சொன்னால் விளங்கும். சிகிச்சை தொடங்கும்போது 58 கிலோ. நான்கு சுற்றுகளுக்குப் பின் 59 கிலோ. குடும்பத்தார்க்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் மூன்றாம் சுற்று ஒரு வாரமும் நான்காம் சுற்று இரண்டு வாரமும் வெள்ளை அணுக் குறைவாலும் வாய்ப்புண்ணாலும் தள்ளிப்போயிருந்தன. பூசையறையில் விளக்கேற்றிவிட்டுத் தரையிலிருந்து எழ மருமகளின் கைத்தாங்கல் தேவைப்பட்டது. "முகம் உருண்டையாகி இருக்கிறதே டீச்சர், சதை போட்டிருக்கிறது" என்று மருமகள் சொன்னார். காலையும் இரவும் அரிசிக் கஞ்சி, பகலில் இரசம் சோறு, இடையில் பிஸ்கட். எழுந்து ஒரு தம்ளர் கழுவவும் விடமாட்டார்கள். அன்பு மிகுந்த குடும்பம், ஐயமில்லை.

அந்த முகத்து உருட்சி பெரும்பாலும் டெக்சமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தின் வேலை. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க அது அவசியம். ஆனால் அது பசியைத் தூண்டிக் கொழுப்பைச் சேர்க்கிறது, தசையையோ கரைக்கிறது, சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. இந்நாட்டில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பதால் இதை நாம் இருமடங்கு கவனிக்க வேண்டும். இதனுடன் குமட்டலால் உணவு குறைகிறது, சிகிச்சையால் இளம் பெண்களுக்கும் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோகலாம், படுக்கையோ தசையின் பெரும்பகைவன். ஒரு கிலோ தசை போய் இரண்டு கிலோ கொழுப்போ நீரோ வந்தால், எடைக்கருவி ஒரு கிலோ கூடியதாக நற்செய்தி சொல்லும்!

மருத்துவமனையின் உணவியல் நிபுணர் அந்த அம்மையாரின் கெண்டைக்காலை நாடாவால் அளந்து பார்த்து, உணவை முழுவதுமாக மாற்றினார். எஞ்சிய நான்கு சுற்றுகள் ஒரே ஒரு வாரத் தாமதத்துடன் முடிந்தன. உணவு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நான்காம் சுற்றுக்குப் பின் மருந்தும் மாறியிருந்தது.

கெண்டைக்கால் அளவு என்றதும் நினைவுக்கு வருகிறது. எல்லாருக்கும் சி.டி. ஸ்கேன் எடுப்பதில்லை, ஆரம்பக்கட்ட நோய்க்கு அது பெரும்பாலும் தேவையும் இல்லை. ஆசிய நாடுகளின் வல்லுநர்கள் 2019இல் வகுத்த முறைப்படி, பெண்ணின் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசைக்குறைவு இருக்கலாம் என்று ஐயப்படலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அவ்வாறே. தையல் நாடாவும் கைக்கடிகாரமும் இல்லாத வீடு உண்டா? ஆனால் கால் வீங்கியிருந்தால் நாடாவை நம்ப வேண்டாம். சில மருந்துகள் நீரைத் தேக்கிக் காலைப் பருமனாகக் காட்டும். தலைச்சுற்றல் உள்ளவர் துணையின்றி நாற்காலிச் சோதனையைச் செய்யக் கூடாது.

கஞ்சியும் விரதமும்

தசை புரதத்தால் ஆனது. புற்றுநோய் நோயாளிகளுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் பரிந்துரை. 54 கிலோ பெண்மணிக்கு 54 முதல் 81 கிராம் வரை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.) ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் இருப்பதோ மூன்று கிராம் அளவே. மூன்று வேளை கஞ்சி குடித்தாலும் பத்துக் கிராமை எட்டாது. நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது அமிர்தம். ஆறு மாதச் சிகிச்சைக்கு அது போதாது.

ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, கோழி இறைச்சியில் அதற்கும் மேல். சைவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு கப் கெட்டியாக வெந்த பருப்பில் 15 கிராமுக்கு மேல் உண்டு. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு தம்ளர் பாலில் 8 கிராம். நம் நாட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தெம்பேயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 கிராம். சோயா உணவு மார்பகப் புற்றுநோய்க்கு ஆகாது என்று பல வீடுகளில் தௌஹூவையும் தெம்பேயையும் விலக்குகின்றனர். ஷங்ஹாயில் நோய் கண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவு உண்டவர்களிடையே நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. உணவாக உண்பதற்கு அஞ்ச வேண்டாம். சோயாச் சத்து மாத்திரைகள் வேறு விஷயம், அவற்றை விட்டுவிடுங்கள். கஞ்சிதான் தொண்டையில் இறங்குகிறது என்றால் அந்தக் கஞ்சியிலேயே பாசிப்பருப்பையோ முட்டையையோ கலந்து வேகவைக்கலாமே.

அடுத்து விரதம். நம் பக்தைகள் பலர் நோய் தீர வேண்டிச் சஷ்டி விரதமும், தைப்பூசத்தையொட்டி நாற்பத்தெட்டு நாள் ஒருவேளை உணவும் மேற்கொள்கின்றனர். அந்த நம்பிக்கையின் ஆழத்தை நான் அறிவேன். அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. சைவ உணவு விரதம் சிகிச்சைக்குத் தடை அன்று. ஒருவேளை உணவுதான் தடை. அந்த ஒரு வேளையிலேயே அறுபது கிராம் புரதத்தை உண்பது கடினம், அதிலும் மருந்தால் புண்பட்ட வயிற்றுக்கு. நம் தலைமைக் குருக்களிடம் இது பற்றிக் கேட்டேன். சிகிச்சையில் இருப்பவர் நேர்த்தியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம், அல்லது குடும்பத்தில் ஒருவர் அவருக்காக ஏற்கலாம், இதில் தோஷம் இல்லை என்றார். எடையைக் குறைத்தால் நல்லது என்று எண்ணிச் சிகிச்சையின் நடுவில் தாமாகவே பட்டினி கிடப்போரும் உளர். அதில் அவர்களுக்கு மிகவும் தேவையான தசையும் சேர்ந்து போகிறது. எடைக்குறைப்பு மருத்துவர் சொல்லும் காலத்தில், சொல்லும் முறையில் நடக்கட்டும்.

ஆலயத்தோடு தொடர்புடைய இன்னொரு சிறு செய்தி. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில், அபிஷேகம் செய்த காய்ச்சாத பால், பல மணி நேரம் வெளியில் இருந்த பஞ்சாமிர்தம் ஆகியவற்றை நோயாளிகள் உட்கொள்ளாமல் கண்ணில் ஒற்றி வணங்கி வீட்டாரிடம் கொடுத்துவிடலாம். சுடச்சுடப் பரிமாறும் அன்னதானத்தில் அமர்வது வேறு.

ஓய்வு எவ்வளவு, உழைப்பு எவ்வளவு

புரதம் செங்கல் என்றால் உழைப்பே கொத்தனார். செங்கல்லைக் கொட்டி வைத்துவிட்டால் சுவர் தானாக எழாது.

கனடாவில் கீமோதெராப்பி தொடங்கிய 242 பெண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பளு தூக்கும் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு மூச்சு வாங்கும் நடை போன்ற பயிற்சி, மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு என்று கொடுத்துப் பார்த்தனர். 2007இல் முடிவு வந்தது. பளு தூக்கியவர்கள் திட்டமிட்ட மருந்தில் சராசரியாக 89.8 விழுக்காட்டைப் பெற்று முடித்தனர்; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 84.1 விழுக்காடு. தசையும் வலிமையும் கூடின. மிலான் நகரின் 85 விழுக்காட்டை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 173 பெண்களைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உணவும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கற்பித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மருந்தை முடிப்பதில் வேறுபாடு காணப்படவில்லை. இரு பிரிவினரும் நன்றாகவே முடித்திருந்தனர். ஆனால் அறுவைக்கு முன் மருந்து பெற்ற 72 பேரை மட்டும் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்குக் கட்டி அடியோடு மறைந்திருந்தது. மற்றவர்களில் 28 விழுக்காடு. எழுபத்திரண்டு பேர் என்பது மீண்டும் சிறிய எண்ணிக்கை; பெரிய ஆய்வுகள் இதை உறுதிசெய்தால் மகிழ்வேன். இப்போதைக்கு இது நம்பிக்கை தரும் செய்தி, உத்தரவாதம் அல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்? இயன்முறை மருத்துவரிடம் காட்டிக் கேட்பதே முறை. சாதாரணமாக அவர்கள் தொடங்கி வைப்பவை எளியவை: நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்குதல், வீட்டைச் சுற்றி நடத்தல். காய்ச்சல் உள்ள நாளிலும், இரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருப்பதாகத் தாதியர் சொன்ன நாளிலும் வேண்டாம். மற்ற நாள்களில் அம்மாவை ஒரு தம்ளர் கழுவ விடுங்கள்.

பால்குடம் பற்றி ஒரு கேள்வி

அறுவைச் சிகிச்சையும் கீமோதெராப்பியும் முடித்த பக்தைகள் என்னிடம் மிகுதியாகக் கேட்பது, "இந்த ஆண்டு பால்குடம் எடுக்கலாமா?" என்பதுதான். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் அந்தக் கை வீங்கக்கூடும் என்பதால், அந்தக் கையால் கனமான எதையும் தூக்கவே கூடாது என்று முற்காலத்தில் சொல்லி அனுப்பினர். அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களுக்கு, மேற்பார்வையில், மிகக் குறைந்த பளுவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி அளித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். வீக்கம் கூடவில்லை, அது திடீரென மோசமாகும் தடவைகள் குறைந்தன. ஆகவே தூக்கலாம், ஆனால் படிப்படியாக. தைப்பூசத்திற்கு முன் மூன்று மாதங்களாவது இயன்முறை மருத்துவரின் சொற்படி பழகியவர் ஒரு சிறு குடத்தைச் சுமப்பது வேறு. பத்து மாதம் எதையும் தொடாதவர் அன்று காலை திடீரென நிறைகுடத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடப்பது வேறு. அழுத்த உறை அணியச் சொல்லியிருந்தால் அன்றும் அணிய வேண்டும்.

கால்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேக்லிடாக்செல் போன்ற மருந்துகள் பாதங்களில் உணர்ச்சியைக் குறைத்துவிடுகின்றன. சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகும் சிலருக்கு அது நீடிக்கிறது. உச்சி வெயிலில் தார்ச்சாலை சுடுவது அவர்களுக்குத் தெரியாது; கொப்புளம் வந்த பிறகே தெரியும். அத்தகையோர் விடியற்காலைப் பிரிவிலேயே பெயர் கொடுத்துவிடலாம். அவ்வேளையில் சாலை குளிர்ந்திருக்கும். உடன் நடக்க நம் மகளிர் பிரிவிலிருந்தும் இருவரை அனுப்புகிறோம். பெயர் பதியும்போதே விவரத்தைச் சொல்லிவிட்டால் போதும்.